விற்ற பிறகும் ஒரு பங்கு: கால்பந்தில் செல்-ஆன் கிளாஸ்

ஆடி மாதம் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கும். கோயில்களில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சுவோம். கால்பந்து கிளப்களில் டிரான்ஸ்ஃபர் பேச்சு கொதிக்கும். இங்கே அது குளிர்காலம், ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளி. ஐரோப்பாவிலும் அதே நேரத்தில்தான் பெரிய டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது ஆட்டக்காரர்கள் கிளப் மாறக்கூடிய காலம், திறந்திருக்கும்.

அப்படி ஓர் ஆடி ஞாயிறு, டர்பனில் எங்கள் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் கஞ்சி ஊற்றி முடித்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தார். எங்கள் பகுதிச் சிறுவர் கிளப்புக்கு இருபது வருடத்துக்கு மேலாக அவர்தான் செயலாளர். சனிக்கிழமைகளில் அதன் கணக்குப் புத்தகத்தை எழுதுவது என் வேலை.

“தம்பி, கையைத் துடைச்சிட்டு இதைக் கொஞ்சம் பாரு. நம்ம பையனை அந்த கிளப் வித்துடுச்சாம். நமக்குப் பத்து பர்சென்ட் வரணும் இல்ல? ஐயாயிரம் ராண்ட் போட்டிருக்காங்க. இது சரியா?”

ஃபைலில் இரண்டு பக்க அக்ரிமென்ட் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் எங்கள் பையன் ஒரு தொழில்முறை கிளப்புக்குப் போனபோது எழுதியது. அதன் இரண்டாம் பக்கத்தில் மூன்றே வரி. அந்த மூன்று வரிக்குத்தான் செல்-ஆன் கிளாஸ் என்று பெயர். உட்கார்ந்து இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஐயாயிரம் என்பது எழுதியிருந்தபடி சரியான கணக்கு. நியாயமாக வந்திருக்க வேண்டியது முப்பத்தைந்தாயிரம். இரண்டுக்கும் நடுவில் போன முப்பதாயிரம் எங்கே போனது என்று பெரியப்பாவுக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதையே இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். பிள்ளைகளை ஆட விட்டிருக்கும் பெற்றோரும், சின்ன கிளப் நடத்துகிறவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். ‘ஆளை விற்றார்கள், வாங்கினார்கள்’ என்று கால்பந்தில் சாதாரணமாகப் பேசுகிறோம். எங்கள் ஊரில் அந்தப் பேச்சு எனக்கு உறுத்தும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கியவர்களும், அதன்பின் 1911 வரை கப்பல் கப்பலாக வந்தவர்களும் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள். எந்தத் தோட்டம், எந்த முதலாளி என்பது அவர்கள் கையில் இல்லை. ஆட்டக்காரரின் நிலை அது அல்ல. கிளப்பின் கையில் இருப்பது அவருடைய வேலை ஒப்பந்தமும் பதிவும்தான். ஒப்பந்தம் முடிவதற்குள் இன்னொரு கிளப் அவரைக் கேட்டால், அதை முன்கூட்டியே முடித்துக்கொடுப்பதற்காகப் பழைய கிளப் வாங்கும் தொகைதான் டிரான்ஸ்ஃபர் ஃபீ. ஆட்டக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் எதுவும் நகராது. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் பொதுவாக ஐந்து வருடத்துக்கு மேல் போகக்கூடாது; 18 வயது நிரம்பாதவருக்கு மூன்று வருடம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் அவர் சும்மாவே கிளம்பிப் போகலாம். ஐரோப்பாவில் இந்த உரிமையை நிலைநாட்டியது 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பு. ஒப்பந்தம் தீர்ந்தால் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, செல்-ஆன் கிளாஸ் என்றால் என்ன? ஒரு கிளப் தன் ஆட்டக்காரரை விற்கும்போது, ‘நாளைக்கு நீங்கள் இவரை வேறு கிளப்புக்கு விற்றால் அந்தத் தொகையில் எங்களுக்கு இத்தனை சதவீதம்’ என்று எழுதி வாங்கிக்கொள்வது. நிலத்தைப் பங்கு வாரத்துக்கு விடுவதை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் பிடிபடும். உழுகிறவர் வேறு, நிலத்துக்காரர் வேறு, விளைந்ததும் இருவருக்கும் பங்கு. இங்கே நிலமே கைமாறிவிடுகிறது என்றாலும் அடுத்த விளைச்சலில் ஒரு பங்கு முதலாமவருக்கு மிஞ்சுகிறது.

இரண்டு பக்கமும் இதற்கு ஏன் சம்மதிக்கிறார்கள்? பதினெட்டு வயதுப் பையன் என்ன ஆவான் என்று யாருக்கும் தெரியாது. விற்கிற சின்ன கிளப் ஐந்து லட்சம் ராண்ட் கேட்கும். வாங்குகிற கிளப் இரண்டு லட்சத்துக்கு மேல் நகராது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் சதவீதம் வருகிறது. ‘இப்போது இரண்டு லட்சம் வாங்கிக்கொள்ளுங்கள், பையன் பெரிய ஆள் ஆனால் அப்போது உங்களுக்கும் உண்டு’ என்று வாங்குகிறவர் சொல்கிறார். முழங்கால் போய்விட்டால் அவருடைய நஷ்டம் இரண்டு லட்சத்தோடு நின்றுவிடும். பையன் மேலே போனால் வளர்த்தவர்களுக்கும் அதில் பங்கு போகும். நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

நன்றாக வேலை செய்ததற்கு ரஹீம் ஸ்டெர்லிங் நல்ல உதாரணம். 2010-ல் அவருக்கு 15 வயது இருக்கும்போது லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை லிவர்பூலுக்கு அனுப்பியது. கூடவே 20 சதவீதம் எழுதி வாங்கியது. 2015-ல் மான்செஸ்டர் சிட்டி அவரை 49 மில்லியன் பவுண்டு வரை கொடுத்து வாங்கியது. 49 மில்லியனில் ஐந்தில் ஒரு பங்கு 9.8 மில்லியன். ஐந்து வருடமாகத் தன் சட்டையே போடாத ஒரு ஆட்டக்காரர் மூலம் பழைய கிளப்புக்கு வரக்கூடிய அதிகபட்ச வரவு இது.

இனி சதவீதத்துக்கு வருவோம். யாரைக் கேட்டாலும் ‘எங்களுக்குப் பத்து’, ‘எங்களுக்கு இருபது’ என்றுதான் சொல்வார்கள். எதில் பத்து, எதில் இருபது என்பதுதான் உண்மையான கேள்வி. அதில் முதல் பிரிவு: முழுத் தொகையிலா, லாபத்திலா?

உங்கள் கிளப் ஒரு பையனை 2 மில்லியன் ராண்டுக்கு விற்றது, 20 சதவீதம் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். பிறகு ஒரு ஐரோப்பிய கிளப் 30 மில்லியனுக்கு வாங்குகிறது. முழுத் தொகையில் என்றால் உங்களுக்கு 6 மில்லியன். லாபத்தில் என்றால் 30-ல் 2 போக 28, அதில் 20 சதவீதம் 5.6 மில்லியன். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் பையன் அவ்வளவு மேலே போகாமல் 5 மில்லியனுக்கு மட்டும் விலை போனால்? முழுத் தொகையில் 1 மில்லியன், லாபத்தில் 6 லட்சம். வாங்கிய அதே 2 மில்லியனுக்கே கைமாறினால் முழுத் தொகைக் கணக்கில் 4 லட்சம் வரும், லாபக் கணக்கில் ஒன்றும் வராது. பெரும்பாலான பையன்கள் 30 மில்லியனுக்குப் போவதில்லை. நடுத்தரமாக விலை போகும் பையன்களிடம்தான் இந்த ஒரு சொல்லின் வித்தியாசம் கடிக்கிறது. ஆகவே சின்ன கிளப் லாபத்தில் 20 என்பதைவிட முழுத் தொகையில் 12 அல்லது 15 கேட்பது பல நேரம் நல்லது. வாங்குகிற பெரிய கிளப் லாபம் என்ற சொல்லைத்தான் விரும்பும். அதைக் குறை சொல்ல முடியாது, போட்ட முதலை எடுத்த பிறகுதான் பங்கு என்று நினைப்பது இயல்பு.

‘லாபம்’ என்று எழுதினால் இன்னொரு கதவும் திறந்துகொள்கிறது. எதையெல்லாம் கழிக்கலாம்? 30 மில்லியனில் ஏஜென்டுக்கு 3 மில்லியன், பழைய பயிற்சி கிளப்களுக்குப் போகும் 5 சதவீதம் (இதைப் பின்னால் சொல்கிறேன்) 1.5 மில்லியன், முதலில் கொடுத்த விலை 2 மில்லியன் என்று கழித்தால் மிச்சம் 23.5 மில்லியன். அதில் 20 சதவீதம் 4.7 மில்லியன். 6-ல் தொடங்கி 4.7-க்கு வந்துவிட்டோம். ஏமாற்று வேலை ஏதும் இல்லை, கழிக்கலாம் என்று எழுதியிருந்தால் கழிப்பார்கள். எழுதாமல் விட்டிருந்தால் அதன் பேரில் வழக்கு வரும். வக்கீல் வைக்க முடிகிற கிளப்புக்குத்தான் அது தாங்கும்.

தொகை தவணையாக வரும் என்பதையும் மறக்கக்கூடாது. பெரிய டிரான்ஸ்ஃபர் எதுவும் ஒரே நாளில் முழுப் பணமாக வருவதில்லை. இத்தனை ஆட்டம் ஆடினால் இவ்வளவு, கோப்பை ஜெயித்தால் இவ்வளவு என்று பிற்சேர்க்கைகளும் இருக்கும். அந்தப் பிற்சேர்க்கைப் பணத்திலும் பங்கு உண்டா, ஒவ்வொரு தவணை வந்த எத்தனை நாளுக்குள் நமக்கு வரவேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வரி போதும்.

இப்போது லோனுக்கு வருகிறேன். எங்கள் முப்பதாயிரம் ராண்ட் போன வழி இதுதான்.

லோன் என்பது இரவல். ஆட்டக்காரரின் ஒப்பந்தம் சொந்த கிளப்போடு அப்படியே இருக்கும், ஆட்டம் மட்டும் வேறு கிளப்புக்கு. ஃபிஃபா 2022 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி சர்வதேச லோன் ஒரு தடவைக்கு ஒரு வருடத்துக்கு மேல் போகக்கூடாது. இரவல் வாங்கிய கிளப் அவரை இன்னொருவருக்கு மறுஇரவல் கொடுக்கவும் கூடாது. இரவல் வாங்குகிறவர் சம்பளத்தை முழுதாகவோ பாதியாகவோ ஏற்பார். சில சமயம் அதற்கு மேல் ஒரு லோன் ஃபீயும் கொடுப்பார்.

தென்னாப்பிரிக்க ரசிகர்களுக்கு பெர்சி டாவின் கதை தெரிந்திருக்கும். மமெலோடி சண்டவுன்ஸில் இருந்தபோது 2015-16-ல் விட்பேங்க் ஸ்பர்ஸில் இரவலாக ஆடினார். 2018-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் அவரை வாங்கியது. ஆனால் அங்கே ஆட வேலை அனுமதி கிடைக்கவில்லை. பெல்ஜியத்தில் யூனியன் செயின்ட் ஜில்வாஸ், கிளப் ப்ரூஜ், ஆண்டர்லெக்ட் என்று அடுத்தடுத்து மூன்று கிளப்களுக்கு இரவலாகப் போனார். 2021 ஜனவரியில் பிரைட்டன் திரும்ப அழைத்துக்கொண்டது, அதே வருடம் ஆகஸ்டில் எகிப்தின் அல் அஹ்லிக்குப் போய்விட்டார். இந்த மூன்று பெல்ஜிய இரவல்களில் எதுவும் விற்பனை அல்ல. ‘விற்றால் பங்கு’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் எந்தக் கிளப்பும் அத்தகைய வருடங்கள் முழுக்கக் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

லோனில் வேறொரு வகையும் உண்டு. முதலில் இரவல், பிடித்திருந்தால் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆப்ஷன். சில ஒப்பந்தங்களில் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இருக்கும். நம் நாட்டின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் இந்த வழியில்தான் நடந்திருக்கிறார்கள். பென்னி மெக்கார்த்தியை ஸ்பெயினின் செல்டா விகோ 2002-ல் போர்ட்டோவுக்கு இரவல் கொடுத்தது. அங்கே கோல்கள் குவித்தார். 2003-ல் போர்ட்டோ அவரை நிரந்தரமாக வாங்கியது, 2004-ல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த அணியில் இருந்தார். ஸ்டீவன் பீனார் 2007-ல் டார்ட்மண்டிலிருந்து எவர்ட்டனுக்கு இரவலாகப் போனார், 2008-ல் எவர்ட்டன் அவரை வாங்கிக்கொண்டது. இரவலாகப் போய் நிரந்தரமாவது அடிக்கடி நடப்பது. அதைக் கணக்கில் எடுக்காத செல்-ஆன் கிளாஸ், ஓட்டை வைத்துத் தைத்த பை மாதிரி.

எங்கள் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தொழில்முறை கிளப் எங்களுக்கு 1,00,000 ராண்ட் கொடுத்து அவனை எடுத்துக்கொண்டது. அக்ரிமென்டில் ‘நிரந்தர டிரான்ஸ்ஃபர் மூலம் வரும் லாபத்தில் 10 சதவீதம்’ என்று எழுதியிருந்தது. மூன்று சீசன் அங்கே நன்றாக ஆடினான். அப்புறம் இன்னொரு கிளப் அவனைக் கேட்டது. ஒரு சீசன் இரவல், லோன் ஃபீ 3,00,000 ராண்ட். சீசன் முடிவில் 1,50,000 கொடுத்து நிரந்தரமாக வாங்கிக்கொள்ளும் ஆப்ஷன். சீசன் முடிந்தது, வாங்கிக்கொண்டார்கள். அவனை எடுத்த கிளப்புக்கு மொத்தம் 4,50,000 வந்தது. எங்களுக்குக் கொடுத்த ஒரு லட்சம் போக லாபம் 3,50,000. அதில் பத்து சதவீதம் 35,000.

ஆனால் எழுத்தில் இருந்தது ‘நிரந்தர டிரான்ஸ்ஃபர் மூலம்’. மூன்று லட்சம் லோன் ஃபீ, அது நிரந்தர டிரான்ஸ்ஃபர் அல்ல. மிச்சம் ஒன்றரை லட்சம், அதில் ஒரு லட்சம் போக ஐம்பதாயிரம். அதில் பத்து சதவீதம் ஐயாயிரம். இரண்டு கிளப்களும் இதை வேண்டுமென்றே இப்படிப் பிரித்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது, பையனைச் சோதித்துப் பார்க்க நினைத்தும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் காகிதம் அவர்கள் பக்கம். அந்த ஐயாயிரம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு செட் ஜெர்சிக்குச் சரியாகப் போனது. முப்பத்தைந்தாயிரம் வந்திருந்தால் அந்த வருடம் முழுக்க வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் வாடகை கவலையே இருந்திருக்காது.

பெரியப்பா கேட்டார், “அப்போ என்னன்னு எழுதியிருக்கணும்?” லோன் ஃபீயோ, ஆப்ஷன் தொகையோ, பிற்சேர்க்கையோ, இந்த ஆட்டக்காரர் பேரில் வாங்கிய கிளப்புக்கு எந்த வழியில் வரும் எந்தத் தொகையிலும் என்று எழுதியிருக்க வேண்டும். ‘நிரந்தர டிரான்ஸ்ஃபர்’ என்ற இரண்டு சொல்லும் இல்லாமல் இருந்தாலே வாதாட ஒரு இடம் இருந்திருக்கும்.

ஒரு ஆட்டக்காரரையும் பணத்தையும் சேர்த்துப் பண்டமாற்றுச் செய்வதும் இதே குடும்பம். ‘உங்கள் முன்கள ஆட்டக்காரர், அதற்குப் பதில் எங்கள் கோல்கீப்பரும் 2 மில்லியனும்’ என்றால் கோல்கீப்பரின் மதிப்பு என்ன? அதை யார் நிர்ணயிப்பது என்று முன்கூட்டியே எழுதாவிட்டால், 2 மில்லியனில் மட்டும்தான் பங்கு என்பார்கள்.

இதைவிடக் கொடுமையானது பங்கு பூஜ்யமாகிப்போவது. மான்செஸ்டர் யுனைடெட் 2015-ல் வில்ஃப்ரெட் ஜாஹாவை கிரிஸ்டல் பேலஸுக்கே திருப்பிக் கொடுத்தபோது 25 சதவீதம் எழுதி வைத்திருந்ததாகச் செய்திகள் சொல்லின. பேலஸில் அவர் பெரிய நட்சத்திரமானார். பெரிய கிளப்கள் கேட்டன. பேலஸ் விலையை உயர்த்திக்கொண்டே போனது. வரும் தொகையில் நாலில் ஒரு பங்கு வேறொருவருக்குப் போகும் என்றால் விற்கிறவர் அதிகம் கேட்கத்தானே செய்வார்? கடைசியில் விற்கவே இல்லை. 2023-ல் ஒப்பந்தம் முடிந்து ஜாஹா துருக்கியின் கலாட்டாசராயுக்குத் தொகை இல்லாமலே போய்விட்டார். இருபத்தைந்து சதவீதத்தின் மதிப்பு பூஜ்யம். மேலே மனத்தில் வைக்கச் சொன்ன விஷயம் இதற்குத்தான். சதவீதத்தை ரொம்பவும் உயர்த்திக் கேட்டால் அடுத்த விற்பனையையே அது மந்தமாக்கிவிடும் என்பதற்கும் இதுவே உதாரணம்.

அதனால்தான் சில கிளப்கள் பங்கை முன்கூட்டியே காசாக்கிவிடுகின்றன. 2007-ல் கேரத் பேலை டாட்டன்ஹாமுக்கு விற்ற சவுத்தாம்ப்டன், பணமுடையில் இருந்த நேரத்தில் தன்னுடைய செல்-ஆன் பங்கை டாட்டன்ஹாமிடமே விட்டுக்கொடுத்துவிட்டது. 2013-ல் ரியல் மாட்ரிட் 85 மில்லியன் பவுண்டு அளவுக்குக் கொடுத்து அவரை வாங்கியபோது அந்தப் பங்கு கையில் இல்லை. இன்று பார்த்தால் வயிறு எரியும். ஆனால் சம்பளம் கொடுக்கவே பணமில்லாத ஒரு கிளப் அன்று வேறு என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை.

இன்னொன்று, செல்-ஆன் பெரும்பாலும் அடுத்த ஒரு விற்பனையோடு முடிந்துவிடும். உங்கள் கிளப்பிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் கிளப்புக்கு, அங்கிருந்து போர்ச்சுகலுக்கு, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனான் என்றால், ஜோஹன்னஸ்பர்க் கிளப் போர்ச்சுகலுக்கு விற்கும்போது உங்களுக்குப் பங்கு. போர்ச்சுகல் இங்கிலாந்துக்கு விற்கும்போது, விலை அங்கேதான் ஏறும், உங்களுக்கு ஒன்றும் இல்லை. லைல் ஃபாஸ்டரின் பாதை இப்படித்தான் நீளமானது: 2019 ஜனவரியில் ஆர்லாண்டோ பைரட்ஸிலிருந்து மொனாக்கோ, பிறகு போர்ச்சுகலின் விட்டோரியா கிமராய்ஸ், பெல்ஜியத்தின் வெஸ்டர்லோ, 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் பர்ன்லி. இத்தனை கை மாறும்போது முதல் கிளப்பின் பங்கு நூல் அறுந்துபோகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ‘நீங்கள் விற்கும்போது உங்களுக்கென்று வாங்கிவைக்கும் செல்-ஆன் பங்கில் வரும் பணத்திலும் எங்களுக்கு இத்தனை சதவீதம்’ என்று எழுதுவது. பங்கிலும் பங்கு. சின்னத் தொகைதான், ஆனால் விலை ஏறும் இடத்தில் இருந்து வருவது.

எழுத மறந்தவர்களுக்கும் விதி ஒரு கை கொடுக்கிறது. ஃபிஃபாவின் சாலிடாரிட்டி விதி, நான் தமிழில் வளர்ப்புப் பங்கு என்று சொல்வது, செல்-ஆனிலிருந்து வேறானது. ஒப்பந்தத்தில் எழுதத் தேவையில்லை, அது விதியிலேயே இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தொகையோடு டிரான்ஸ்ஃபர் நடந்தால், அந்தத் தொகையில் 5 சதவீதம் எடுத்து, 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருடத்துக்கும் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 0.5 சதவீதம். பையன் 12 வயதிலிருந்து 18 வயது முடிய உங்களிடம் இருந்தால் நான்கு கால் சதவீதம், மூன்று அரை சதவீதம், கூட்டினால் 2.5 சதவீதம். 30 மில்லியன் ராண்டில் அது 7,50,000. முதல் விற்பனையோடு முடியாமல், ஒவ்வொரு சர்வதேச டிரான்ஸ்ஃபரிலும் இது திரும்பத் திரும்ப வரும். இரவல் வாங்கி ஆடவைத்த கிளப்புக்கும் அந்தக் காலத்துக்கான பங்கு உண்டு. பெர்சி டாவ் விட்பேங்க் ஸ்பர்ஸில் இரவலாக ஆடியபோது வயது 21, 22. ஆகவே அந்தக் காலத்துக்குரிய பங்கு விதிப்படி அந்தச் சின்ன கிளப்புக்கு உரியது. 2022 நவம்பரிலிருந்து இந்தப் பணத்தைக் கணக்கிட்டுக் கொண்டுசேர்க்க ஃபிஃபா ஒரு கிளியரிங் ஹவுஸையே வைத்திருக்கிறது.

ஆனால் இது பதிவை வைத்துத்தான் வரும். ஆட்டக்காரர் எந்த வயதில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்ற வரலாற்றுக்கு பிளேயர் பாஸ்போர்ட் என்று பெயர். அதில் உங்கள் கிளப் பெயர் இல்லையென்றால், ஏழு வருடம் நீங்கள் வேர்வை சிந்தியது யாருக்கும் தெரியாது. மைதானத்துக்கு வருகிற பிள்ளைகளை, தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கமான சாஃபாவின் மைசாஃபா பதிவில் ஏற்றுவதைப் பல சின்ன கிளப்கள் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகின்றன. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பதிவு இன்றைக்குக் கொஞ்ச நேர வேலை. 1997-ல் நாட்டின் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பட்டத்தையே மானிங் ரேஞ்சர்ஸ் என்ற உள்ளூர் கிளப் மூலம் வென்ற பகுதி எங்கள் சாட்ஸ்வொர்த். இங்கிருந்து ஒரு பிள்ளை மேலே போகமாட்டான் என்று யாரும் சொல்ல முடியாது.

பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. ‘கிளப்புக்குப் பதில் எங்கள் பெயரில், அல்லது செலவு செய்த மாமா பெயரில் அந்தச் சதவீதத்தை எழுதலாமா?’ முடியாது. 2015 மே 1 முதல் ஃபிஃபா இதைத் தடைசெய்துவிட்டது. எதிர்கால டிரான்ஸ்ஃபர் தொகையில் பங்கு வைத்துக்கொள்ள, கொடுக்கல் வாங்கல் செய்யும் இரண்டு கிளப்களுக்கும் ஆட்டக்காரர் முன்பு பதிவாகியிருந்த கிளப்களுக்கும்தான் அனுமதி. ஆட்டக்காரர் தானே தன் டிரான்ஸ்ஃபரில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வதும் இன்று தடைக்குள் வராது. ஏஜென்ட், முதலீட்டாளர், அப்பா, மாமா யாருக்கும் இல்லை. ஒரு பையனின் எதிர்காலத்தை நாலு பேர் துண்டு போட்டு வைத்துக்கொண்டு அவனை எங்கே போகவேண்டும் என்று தள்ளுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. எனக்கு இதில் முழு உடன்பாடு. பிள்ளைக்குச் செலவு செய்த மாமாவுக்கு நன்றி சொல்லலாம், அவன் சம்பாதித்த பிறகு அவனாகப் பார்த்துச் செய்யலாம்.

இந்த வருட ஆடியிலும் ஒரு பையனுக்கு அழைப்பு வந்தது. இடது காலால் ஆடுகிற, பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை. வந்த கிளப் தன்னுடைய அக்ரிமென்டைக் கொண்டுவந்தது. இரண்டாம் பக்கத்தில் பழைய அதே வரி, ‘நிரந்தர டிரான்ஸ்ஃபர் மூலம் வரும் லாபத்தில்’. பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து ‘நிரந்தர’ என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தார். ‘லாபத்தில்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘முழுத் தொகையில்’ என்று எழுதினார். ஓரத்தில் ‘லோன் ஃபீ, ஆப்ஷன் தொகை உட்பட’ என்று சேர்த்தார். வந்தவர் யாரிடமோ போன் பேசினார். பத்து சதவீதம் எட்டானது. பெரியப்பா என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். திருத்திய ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேரும் சுருக்கொப்பம் போட்டார்கள்.

“எட்டுன்னா குறைச்சல்தானே, தாத்தா?” என்று பையன் கேட்டான்.

“குறைச்சல் இல்லப்பா,” என்றார் பெரியப்பா, ஃபைலை மூடிக்கொண்டே. “நீ நல்லா ஆடு. நீ எந்த வழியில போனாலும் சரி, இது எங்களுக்கு வந்து சேரும். உனக்குப் பின்னாடி வர்ற பசங்களுக்கு வேன் வாடகை இதுலதான்.”